திரைக்கு முன்னால் கேள்வி: மாணவர்களைச் சொந்தமாக ஆராயப் பழக்குவது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகம் வந்துவிட்டது. ஸ்மார்ட் வகுப்பறைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன. 2018-ல் புதிய பாடநூல்கள் வெளியானபோதே பாடங்களோடு க்யூ.ஆர். குறியீடுகளும் சேர்ந்துவிட்டன. பிள்ளைகளின் வீட்டில் ஒரு கைப்பேசியாவது இருக்கிறது. இவ்வளவு இருந்தும் ஒரு செயல்திட்டம் கொடுத்தால் நாற்பது பேரும் ஒரே பக்கத்தை எழுதிக்கொண்டு வருகிறார்கள். பணியிடைப் பயிற்சிகளிலும் பெற்றோர் கூட்டங்களிலும் இதையொட்டி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான மாணவர்களை மனத்தில் வைத்து எழுதியவை இவை.

மாணவர்கள்தான் எதை வேண்டுமானாலும் கூகுளில் தேடிக்கொள்கிறார்களே, தனியாகச் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது?

ஒன்பதாம் வகுப்பில் "நீர் மாசு" என்று ஒரு செயல்திட்டம் கொடுத்துப் பாருங்கள். முதலில் வரும் இணையப் பக்கத்தின் நகல் வரும். பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து அச்செடுத்த தாள், பளபளக்கும் அட்டையில் ஒட்டப்பட்டு வரும். அதில் கங்கை இருக்கும், யமுனை இருக்கும். பள்ளிக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் இருக்காது. "இதை யார் எழுதியது?" என்று கேட்டால் "கூகுள், சார்" என்று பதில் வரும்.

அந்தப் பதிலில்தான் எல்லாம் இருக்கிறது. எழுதியவர் ஒருவர் உண்டு, அவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று கேட்க முடியும், அவர் தவறாகவும் சொல்லியிருக்கலாம் என்ற எண்ணம் அந்தப் பிள்ளைக்கு வரவே இல்லை. தட்டச்சு செய்வதும் பக்கத்தைத் திறப்பதும் அவர்களுக்கு நம்மைவிட நன்றாக வரும். நாம் கற்றுத்தர வேண்டியவை இரண்டு. திரையைத் திறப்பதற்கு முன் சொந்தமாக ஒரு கேள்வி வேண்டும். கிடைத்த பதிலோடு அது வந்த இடத்தையும் சேர்த்தே எழுத வேண்டும். கீழே நான் சொல்பவை எல்லாம் இந்த இரண்டுக்குள் அடங்கும்.

கேள்வி கேள் என்றால் மாணவர்கள் விழிக்கிறார்கள். எப்படித் தொடங்குவது?

தலைப்பைக் கொடுப்பதை நிறுத்துங்கள். "நீர் மாசு" என்பது தலைப்பு. அதற்கு நகல்தான் வரும். "நம் ஊர் ஏரியில் முன்பைவிட இப்போது தண்ணீர் நிற்கும் மாதங்கள் குறைந்திருக்கின்றனவா?" என்பது கேள்வி, இதற்கான விடை எந்த இணையப் பக்கத்திலும் தயாராக இல்லை. பிள்ளை எழுந்து போய்த்தான் ஆக வேண்டும்.

முதல் பாடவேளையில் கணினிப் பக்கமே போக வேண்டாம். ஒவ்வொருவரும் நோட்டில் இரண்டு பத்தி எழுதட்டும்: இதைப் பற்றி எனக்கு இப்போது என்ன தெரியும், விடை என்னவாக இருக்கும் என்று நினைக்கிறேன். இந்தப் பக்கத்தில் ஆசிரியர் கையொப்பம் போட்டுத் தேதி எழுதிவிட வேண்டும். பின்னால் அவர்கள் கண்டுபிடிப்பது இதிலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறது என்பதுதான் கற்றலின் அளவு. அதற்குச் சாட்சி இந்தப் பக்கம்.

அடுத்து, விடை யாரிடம் இருக்கும் என்று கேளுங்கள். ஏரிக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். ஆயக்கட்டில், அதாவது ஏரிப் பாசனத்தில், நிலம் வைத்திருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். ஏரியின் பரப்பு கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேடு என்ற நிலப் பதிவேட்டில் சர்வே எண் வாரியாக இருக்கும். அரசின் மின்சேவைத் தளத்திலும் அந்த எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். கூகுள் எர்த் மென்பொருளில் பழைய செயற்கைக்கோள் படங்களைத் தேதி வாரியாகத் திறக்க முடியும். ஏரியின் விளிம்பைச் சுற்றிக் கோடு வரைந்தால் பரப்பையும் கணக்கிட்டுக் கொடுத்துவிடும். தெளிவு குறைந்த லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை வைத்து உருவாக்கிய காலவரிசை 1984-லிருந்தே இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு தவறு அநேகமாக எல்லாக் குழுவிலும் நடக்கும், நடக்கவும் விட வேண்டும். 2005-ஆம் ஆண்டுப் படத்தில் ஏரி நிறைந்திருக்கிறது, 2020-ஆம் ஆண்டுப் படத்தில் வறண்டிருக்கிறது, ஆகவே ஏரி அழிந்துவிட்டது என்று எழுதிவிடுவார்கள். "முதல் படம் எந்த மாதம், இரண்டாவது எந்த மாதம்?" என்று மட்டும் கேளுங்கள். ஒன்று டிசம்பர், மற்றொன்று மே என்று அவர்களே கண்டுபிடிக்கும்போது வகுப்பில் ஏற்படும் சலசலப்பைக் கேட்க வேண்டும். ஒப்பிடுவதென்றால் ஒரே மாதத்தை ஒப்பிட வேண்டும், அதிலும் மழை நன்றாகப் பெய்த ஆண்டா பொய்த்த ஆண்டா என்று பார்க்க வேண்டும் என்பதை ஆய்வு முறையியல் என்று கரும்பலகையில் எழுதிப் புரியவைக்க முடியாது.

ஒரு பாடத்தை முழுமையாக நடத்திக் காட்டுங்கள்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற செய்தியைக் கேள்விப்படாத தமிழ்ப் பிள்ளை கிடையாது. வாட்ஸாப்பில் வருகிறது, பட்டிமன்ற மேடையில் வருகிறது, சில நேரம் ஆசிரியர் வாயிலிருந்தும் வருகிறது. பத்தாம் வகுப்புக்கு இதைவிட நல்ல ஆய்வுப் பொருள் எனக்குத் தெரியவில்லை.

முதலில் கேள்வியைக் கூர்மையாக்கச் சொல்லுங்கள். எந்த நேரத்தில் விழாது? எந்த மாதத்தில்? தரை என்பது விமானத்தின் அடித்தளமா, அதைத் தாண்டிய முற்றமா? இதைக் கேட்ட உடனேயே பாதிப் பேருக்கு, தாங்கள் இதுவரை நம்பியது தெளிவான ஒரு கூற்றே இல்லை என்று தெரிந்துவிடும்.

பிறகு சான்று. காலையிலோ மாலையிலோ எடுத்த படங்களைத் தேடினால் முற்றத்தில் நீண்டு கிடக்கும் நிழல் தெரியும். செயற்கைக்கோள் படத்திலும் பார்க்கலாம். ஆக, "விழவே விழாது" என்பது ஐந்து நிமிடத்தில் உடைந்துவிடும். பல ஆசிரியர்கள் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது. பொய் என்று நிரூபிப்பதோடு முடித்தால் மாணவன் கேலி செய்யத்தான் கற்றுக்கொள்வான். இவ்வளவு பேர் ஏன் இதைச் சொன்னார்கள், இதில் உண்மையின் ஒரு துண்டு எங்காவது இருக்கிறதா என்று தேடுவதுதான் ஆய்வு.

இருக்கிறது. 1010-ல் ராஜராஜன் கட்டி முடித்த இந்த விமானத்தின் உயரம் சுமார் 216 அடி, அதாவது ஏறக்குறைய 66 மீட்டர். அடிப்பகுதியின் பக்கம் சுமார் 30 மீட்டர். மேலே போகப் போகக் குறுகும் வடிவம். தஞ்சாவூர் வடக்கு அட்சரேகை 10.8 பாகையை ஒட்டி இருக்கிறது. டிசம்பர் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சியிலிருந்து 34 பாகை தெற்கே சாய்ந்திருக்கும். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் டேன்ஜென்ட் அட்டவணையை எடுத்துக்கொண்டால் உச்சியின் நிழல் மையத்திலிருந்து சுமார் 45 மீட்டர் தள்ளி விழும் என்று வரும். அடித்தளத்தின் பாதி 15 மீட்டர்தான். ஆகவே மார்கழி நண்பகலில்கூட நிழல் முப்பது மீட்டர் வெளியே நீண்டு விழுகிறது. ஜூன் கடைசி வாரத்தில் சூரியன் வடக்கே ஏறக்குறைய 12.6 பாகைதான் சாய்ந்திருக்கும். நிழல் 15 மீட்டருக்குள் நின்றுவிடும். அடித்தளத்தின் விளிம்போடு முடிந்துவிடும். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாள்கள் உண்டு. அன்று நண்பகலில் விமானத்தின் நிழலுக்கு வெளியே வர இடமே இல்லை. கோடை விடுமுறையில் நண்பகலில் போய்ப் பார்த்த ஒருவர் நிழலைக் காணவில்லை என்று சொல்லியிருந்தால் அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது ஒரு வேளையின் உண்மை. அதை எல்லா நாளுக்கும் நீட்டியதில்தான் தவறு நடந்தது.

இதில் எத்தனை பாடங்கள் சேர்ந்துவிட்டன என்று பாருங்கள்: புவியியலில் அட்சரேகை, கணக்கில் முக்கோணவியல், வரலாற்றில் சோழர் கட்டடக்கலை. பயன்படுத்திய கருவிகள் ஒரு கணினி, ஓர் அட்டவணை, ஒரு பென்சில். தஞ்சைக்குப் போக முடியாத பள்ளிகள் விளையாட்டுத் திடலில் கொடிக்கம்பத்தின் நிழலை மணிக்கு ஒருமுறை அளந்து இதே கணக்கைச் செய்யலாம்.

எந்த இணையதளத்தை நம்பலாம் என்று ஒரு பட்டியல் கொடுத்தால் போதாதா?

பட்டியல் மூன்று மாதம்கூடத் தாங்காது. அதைவிட ஒரு பழக்கத்தைக் கொடுங்கள்: ஒரு பக்கத்தை நம்புவதா என்று முடிவு செய்ய அந்தப் பக்கத்தைவிட்டு வெளியே வர வேண்டும்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாளர்கள் 10 பேர், தகவல் சரிபார்ப்பாளர்கள் 10 பேர், கல்லூரி மாணவர்கள் 25 பேர் ஆகியோர் இணையப் பக்கங்களை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று கவனித்தார்கள். மாணவர்களும் வரலாற்றாளர்களில் பலரும் அந்தப் பக்கத்துக்குள்ளேயே சுற்றி, நேர்த்தியான வடிவமைப்பையும் முத்திரையையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் பக்கத்தை முழுதாகப் படிக்காமலேயே புதிய தாவல்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தவர்கள் அவர்கள்தான். படித்தவர் என்பதால் ஏமாறாமல் இருப்பதில்லை என்பது எனக்கு இந்த ஆய்வு சொன்ன முக்கியமான செய்தி.

வகுப்பில் இதைச் செய்துகாட்ட ஸ்மார்ட் போர்டு மிகவும் உதவும். ஒரு மூலிகை மருத்துவப் பக்கத்தைத் திறந்து, மாணவர்கள் முன்னிலையில் ஆசிரியரே வாய்விட்டு யோசிக்க வேண்டும்: "எழுதியவர் பெயர் இல்லை. பக்கத்தின் கடைசியில் இந்த மருந்தை விற்கிறார்கள். அந்த நிறுவனத்தின் பெயரை வேறொரு தாவலில் தேடிப் பார்ப்போம்." பத்து நிமிடம் போதும். வாரம் ஒருமுறை செய்தால் பிள்ளைகள் நம்மை முந்திக்கொண்டு சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

விக்கிப்பீடியாவைப் பார்க்கலாமா?

தாராளமாக. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, தன்னார்வலர்கள் உழைத்து உருவாக்கிய பெரிய சொத்து. அது போய்ச் சேரும் இடமல்ல, புறப்படும் இடம் என்று மட்டும் சொல்லிவையுங்கள். கட்டுரையின் கீழே உள்ள மேற்கோள்களைத் திறந்து பார்க்க வேண்டும். சான்று இல்லாத வரியை நோட்டில் எடுத்துக்கொள்ளக் கூடாது. கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தால் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பது தெரியும். அறிவு என்பது பலர் திருத்தித் திருத்தி எழுதுவது என்பதைக் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் அரிய இடம் அது.

தமிழில் நம்பகமான மூலங்கள் போதுமான அளவு இருக்கின்றனவா?

நாம் நினைப்பதைவிட நிறைய இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் அப்படியே பக்கம் பக்கமாகக் கிடைக்கின்றன. 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் இலக்கியங்களைத் தேடக்கூடிய எழுத்து வடிவில் படிக்கலாம். இலங்கைத் தமிழர் வரலாறு, இதழ்கள் பற்றியென்றால் "நூலகம்" என்ற இணையத் தொகுப்பு இருக்கிறது. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை வெளிவந்த பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தின் தகவல்கள் பழையவைதான், ஆனால் ஒரு பொருளைத் தமிழில் எவ்வளவு தெளிவாக விளக்க முடியும் என்பதற்கு அது இன்றும் பாடம். மாணவர்கள் அதில் ஒரு கட்டுரையையும் இன்றைய கட்டுரை ஒன்றையும் ஒப்பிட்டு எது மாறியிருக்கிறது என்று எழுதட்டும்.

ஊர் நூலகத்தை மறந்துவிடாதீர்கள். 1948-லேயே பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. நூலகருக்கு முன்கூட்டியே தகவல் சொல்லி ஒரு வகுப்பை அழைத்துப் போனால் பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு உதவுகிறார்கள்.

தமிழில் தேடும்போது ஒரு நுட்பம்: இடத்துக்கு இடம் சொல் மாறும். மதுரை, சிவகங்கைப் பக்கம் கண்மாய், திருநெல்வேலியில் குளம், காஞ்சிபுரத்தில் ஏரி. ஒரே சொல்லைப் போட்டுத் தேடிவிட்டு ஒன்றுமே இல்லை என்று மாணவர் சொன்னால், வேறு பெயர்களில் தேடினாயா என்று கேளுங்கள். ஊர்ப் பெயர்களின் எழுத்துக்கூட்டல் வேறுபாடுகளும் அப்படியே.

சாட்ஜிபிடி போன்றவை வந்தபின் இதற்கெல்லாம் அர்த்தம் இருக்கிறதா? தடை செய்துவிடலாமா?

தடை பள்ளி வாசலோடு முடிந்துவிடும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, கட்டுரை எழுதித் தருவதற்கு ஒரு நிமிடம் போதும் என்றாகிவிட்டது. அதனால்தான் "பதில் எங்கிருந்து வந்தது" என்ற கேள்வி முன்பைவிட முக்கியமாகிவிட்டது. இந்தக் கருவிகள் இல்லாத நூலையும் இல்லாத தீர்ப்பையும் இருப்பதுபோலவே சொல்லும். 2023-ல் நியூயார்க்கில் சாட்ஜிபிடி கற்பனையாகக் கொடுத்த வழக்குகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. சட்டம் படித்தவர்களே சரிபார்க்கவில்லை என்றால், எட்டாம் வகுப்புப் பிள்ளையை மட்டும் எப்படிக் குறை சொல்வது?

நான் பரிந்துரைக்கும் பயிற்சி இது. ஆசிரியரின் கணினியில், எல்லோரும் பார்க்க, உங்கள் ஊரைப் பற்றியே கேளுங்கள். நம் ஊர்க் கோயிலை யார் கட்டினார்கள், நம் ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, நம் பள்ளி எந்த ஆண்டு தொடங்கியது. சிற்றூர்களைப் பற்றிப் பதில் சரளமாக வரும், பல இடங்களில் தவறாகவும் இருக்கும். பிள்ளைகளுக்கு உண்மை தெரியும் என்பதால் அவர்களே பிடித்துவிடுவார்கள். தெரிந்த விஷயத்திலேயே இவ்வளவு தவறு சொன்னால் தெரியாத விஷயத்தில் எப்படி நம்புவது என்ற கேள்வி தானாக எழும். இதன் பிறகு அந்தக் கருவியைப் பயனுள்ள வகையில் பயன்படுத்தலாம்: "என் கேள்விக்கு விடை தராதே, நான் இன்னும் யாரையெல்லாம் கேட்க வேண்டும் என்று சொல்" என்று. பல கருவிகளுக்கு வயது வரம்பு உண்டு. 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தனிக் கணக்கு வேண்டாம்.

ஆய்வகத்தில் கணினிகள் குறைவு. இணையம் அடிக்கடி போய்விடுகிறது. ஆன்லைன் தேர்வுகளுக்கே நேரம் சரியாகிவிடுகிறது. என்ன செய்வது?

உண்மையான சிக்கல்தான். ஆய்வகம் இணையவழித் தேர்வுக் கூடமாக மட்டும் சுருங்கிப்போவதை எண்ணி நான் வருந்துகிறேன். தலைமையாசிரியரிடம் பேசி வாரம் ஒரு பாடவேளையையாவது இதற்கென்று கேட்டுப் பெற வேண்டும்.

ஆனால் ஆறு பாடவேளை நீளும் ஓர் ஆய்வில் கணினி தேவைப்படுவது ஒன்றரைப் பாடவேளைக்குத்தான். கேள்வி உருவாக்குவது, ஊகத்தை எழுதுவது, பெரியவர்களிடம் கேட்பது, குறிப்புகளை ஒப்பிடுவது, எழுதுவது எல்லாம் நோட்டில் நடப்பவை. ஒரு கணினிக்கு மூன்று பேர் இருந்தால் பாதகமில்லை: ஒருவர் தேடட்டும், ஒருவர் மூலத்தைக் குறிக்கட்டும், ஒருவர் "இதை எப்படி நம்புவது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கட்டும். அடுத்த வாரம் பொறுப்பை மாற்றிக்கொள்ளட்டும். இணையமே இல்லாத பள்ளிகள் கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள் மூலம் தமிழ் விக்கிப்பீடியாவைப் பென்டிரைவில் இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு. இதற்கெல்லாம் நேரம் ஏது?

பத்தாம் வகுப்பில் பெரிய ஆய்வு வேண்டாம். நிழல் கணக்குப் போன்ற, பாடத்தோடு ஒட்டிய ஒன்று போதும். பெரியதைச் செய்ய ஒன்பதாம் வகுப்புதான் சரியான ஆண்டு. ஆறு முதல் எட்டு வரை பருவத்துக்கு ஒரு சிறிய கேள்வி.

ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு இன்னொரு வழி உண்டு. 1993-லிருந்து நடந்துவரும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு 10 முதல் 17 வயதுள்ளவர்களுக்கானது. வழிகாட்டி ஆசிரியர் ஒருவரோடு, தங்கள் ஊரின் சிக்கல் ஒன்றைக் களத்தில் ஆராய்ந்து மாவட்ட அளவிலிருந்து படிப்படியாக முன்வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இதில் நீண்ட காலமாக உழைத்துவருகிறது. பரிசு கிடைக்கிறதோ இல்லையோ, அந்நியர் முன் நின்று "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்ற கேள்விக்குப் பதில் சொன்ன பிள்ளை பிறகு வேறு மாதிரிதான் படிக்கும்.

நகலெடுத்து எழுதியதை எப்படிக் கண்டுபிடிப்பது? மதிப்பெண் எப்படிப் போடுவது?

கண்டுபிடிக்கும் வேலையையே குறைத்துக்கொள்ளுங்கள். வளரறி மதிப்பீட்டுக்கான (பாடம் நடக்கும்போதே செய்யும் மதிப்பீடு) மதிப்பெண்ணில் பெரும்பகுதியை இறுதி அட்டைக்குக் கொடுக்காமல், நடுவில் எழுதிய குறிப்பு நோட்டுக்குக் கொடுங்கள். ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் யார் சொன்னது, எங்கே, எந்தத் தேதியில் பார்த்தது என்ற மூன்றும் இருக்க வேண்டும். பெரியவர் ஒருவர் சொன்னதென்றால் அவருக்கு ஏறக்குறைய எத்தனை வயது, எந்தத் தெரு என்று. அடித்தல் திருத்தல் இருக்கட்டும். கையெழுத்து அழகுக்கும் தெர்மகோல் மாதிரிக்கும் மதிப்பெண் போடும் வழக்கம் எத்தனையோ நல்ல ஆய்வாளர்களை முளையிலேயே கிள்ளிவிட்டது; அப்பா அம்மாவோ கடைக்காரரோ செய்துகொடுத்த பொருளுக்குப் பிள்ளைக்குக் கைதட்டுவது அந்தப் பிள்ளைக்கும் நல்லதில்லை.

கடைசியில் இரண்டு நிமிடம் பேசச் சொல்லுங்கள். "நீ முதலில் நினைத்தது என்ன, இப்போது நினைப்பது என்ன, உன்னை மாற்றியது எது?" நகலெடுத்தவரால் மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

எனக்கே கணினி சரியாக வராது. நான் எப்படி வழிகாட்டுவது?

பொத்தான்களை மாணவர்கள் பார்த்துக்கொள்வார்கள். உங்களிடமிருந்து அவர்களுக்கு வேண்டியது, "எனக்கும் தெரியாது, சேர்ந்து பார்ப்போம்" என்று ஓர் ஆசிரியர் சொல்லக் கேட்பது.

என் மகன் படிக்கிறேன் என்று சொல்லிக் கைப்பேசியை விடமாட்டேன் என்கிறான். உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பிடுங்குவதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: என்ன தேடினாய்? யார் சொல்லியிருக்கிறார்? வேறு யாராவது வேறு மாதிரி சொல்கிறார்களா? நீங்கள் பள்ளிக்கூடம் போகாதவராக இருந்தாலும் இந்தக் கேள்விகளைக் கேட்க முடியும். உங்களிடமும் அவன் கேட்க வேண்டியது இருக்கிறது. விதை நெல்லை எப்படிப் பாதுகாத்தார்கள், தறி எப்போது நின்றது, அந்தக் கிணறு ஏன் மூடப்பட்டது என்பதெல்லாம் இணையத்தில் இல்லை, உங்களிடம் இருக்கிறது. குறிப்பு நோட்டில் அம்மாவின் பெயரோ தாத்தாவின் பெயரோ மூலமாக எழுதப்பட்டால் அது எந்த இணையதளத்துக்கும் குறைந்ததில்லை. படிப்பு வேலை முடிந்ததும் கைப்பேசி உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்ற ஒழுங்கு இருக்கட்டும்.

நான் ஒன்பதாம் வகுப்பு மாணவி. நான் கண்டுபிடித்தது ஓரிடத்தில் ஒரு மாதிரியும் இன்னோரிடத்தில் வேறு மாதிரியும் இருக்கிறது. எதை எழுத வேண்டும்?

இரண்டையும் எழுது, அம்மா. பிறகு ஏன் வேறுபடுகின்றன என்று தேடு. கீழடியையே எடுத்துக்கொள். அதன் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று எங்கும் படிக்கிறோம். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால், தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-ல் வெளியிட்ட அறிக்கைக்குப் போய்ச் சேருவாய். 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த ஒரு கரி மாதிரி கி.மு. 580-ஐச் சேர்ந்தது என்று அமெரிக்காவில் நடந்த கதிரியக்கக் கரிமப் பகுப்பாய்வு காட்டியது. அதற்கு மேலடுக்குகளில் கிடைத்த மாதிரிகளின் காலம் அதற்குப் பிந்தையது. ஆகவே ஒருவர் ஓர் ஆண்டையும் மற்றவர் வேறோர் ஆண்டையும் சொன்னால் இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிடாதே. அவர்கள் வெவ்வேறு மாதிரிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கலாம். தேடியும் காரணம் கிடைக்கவில்லையென்றால் "இது இன்னும் தெளிவாகவில்லை" என்று எழுது. அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்கும் ஆசிரியரிடம் இந்தப் பகுதியைக் காட்டு.

ஊரில் மக்களைப் பேட்டி எடுக்க மாணவர்களை அனுப்பலாமா?

அனுப்பலாம், தனியாக வேண்டாம். மூன்று பேராக, பெற்றோருக்குத் தெரிவித்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போது. எதற்காகக் கேட்கிறோம் என்று முதலில் சொல்ல வேண்டும். படம் எடுக்கவும் குரலைப் பதிவு செய்யவும் அனுமதி கேட்க வேண்டும். கைப்பேசி எண், ஆதார் எண், சாதி, வருமானம் கேட்கவே கூடாது. பேட்டி கொடுத்தவருக்கு எழுதியதைப் படித்துக் காட்டிவிட்டு வர வேண்டும். அப்போதுதான் அவர் "அப்படி இல்லை தம்பி" என்று திருத்துவார். பல நேரங்களில் சிறந்த தகவல் அந்தத் திருத்தத்தில்தான் வரும்.

ஆய்வு முடிந்தபின் அந்த நோட்டுகளை என்ன செய்வது?

ஆண்டு இறுதியில் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பள்ளி நூலகத்தில் ஓர் அலமாரித் தட்டை ஒதுக்கி, ஆண்டும் கேள்வியும் முதுகில் எழுதி அடுக்குங்கள். அடுத்த ஆண்டுக் குழு அதே ஏரியை, அதே மாதத்தில், அதே முறையில் மீண்டும் அளக்கட்டும். அவர்கள் புரட்டும் முதல் மூலம் அவர்களுடைய அண்ணன் அக்கா எழுதியதாக இருக்கும். ஊருக்குப் பயன்படக்கூடிய முடிவென்றால் ஒரு நகலைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் ஊராட்சி மன்றத்திலும் மாணவர்களே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். தமிழ் விக்கிப்பீடியாவில் உங்கள் ஊர்க் கட்டுரையில் தவறு இருந்தால், அச்சில் வந்த சான்று கிடைத்தவுடன் மேற்கோளோடு திருத்தச் சொல்லுங்கள். ஊர்ப் பெரியவர் சொன்னது மட்டும் அங்கே சான்றாகாது என்பதையும் அப்போதே விளக்கிவிடலாம்.